ஷக்தார் டொனெட்ஸ்க் 2008–09: யூயெஃபா கோப்பை கையில், லீகில் 15 புள்ளி பின்னால். கணக்கு எங்கே இடிக்கிறது?

வலதுவிளிம்பு (கேள்வி):

உக்ரேன் கால்பந்து அணியான ஷக்தார் டொனெட்ஸ்கின் 2008–09 சீசனை ஆட்டம் ஆட்டமாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். யூயெஃபா கோப்பை அந்தப் பெயரில் நடந்த கடைசி சீசன், அதை வென்ற அணி என்பதால் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால் நாலு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று: டிசம்பர் வரை சாம்பியன்ஸ் லீக், பிப்ரவரியிலிருந்து யூயெஃபா கோப்பை. குரூப்பில் மூன்றாவதாக வந்தால் கீழே இறங்கி ஆடலாம் என்ற விதி தெரியும். அந்த மூன்றாம் இடம் எந்த ஆட்டத்தில் உறுதியானது? பார்சிலோனாவில் 3–2 என்று ஜெயித்ததால்தான் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சரியா?

இரண்டு: லீகில் டைனமோ கீவ் 79 புள்ளி, ஷக்தார் 64. ஐரோப்பிய ஆட்டங்களின் களைப்புதான் காரணம் என்கிறார்கள். எண்களை வைத்துப் பார்த்தால் இது நிற்குமா?

மூன்று: டைனமோவுடன் ஆடிய அரையிறுதி. இரண்டாவது லெக்கில், அதாவது மறு ஆட்டத்தில், எந்த நிமிடத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பது வெளியூர் கோல் விதியால் (இரண்டு ஆட்டக் கோலும் கூட்டிச் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணி போகும் என்று அப்போதிருந்த விதி) குழம்புகிறது.

நாலு: கோப்பையை வென்ற அணி அடுத்த சீசனில் ஏன் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் போய் நின்றது?

தெரிந்தவர்கள் தெரிந்த பகுதிக்கு மட்டும் பதில் சொன்னாலும் போதும்.


மூன்றாம்சுற்று:

முதல் கேள்விக்கு. பார்சிலோனா கதை தவறு. அந்த ஆட்டத்துக்கு முன்பே ஷக்தாரின் மூன்றாம் இடம் முடிந்துபோன விஷயம்.

தொடக்கத்திலிருந்து வருவோம். 2007–08இல் லீகையும் உக்ரேனியக் கோப்பையையும் வென்ற அணி ஷக்தார். இருந்தும் உக்ரேன் சாம்பியனுக்கு அந்த வருடம் நேரடி குரூப் இடம் இல்லை. மூன்றாம் தகுதிச் சுற்றில் நுழைந்தார்கள். எதிரணி டினாமோ சாகிரெப். டொனெட்ஸ்கில் 2–0, சாகிரெப்பில் 3–1, கூட்டினால் 5–1. இந்த இரண்டு ஆட்டங்களையும் தனி வரிசையில் போடுங்கள். குரூப் கணக்கோடு கலந்தால் கோல் எண்ணிக்கை ஒத்துவராது. நீங்கள் பார்த்த முரண்களில் பாதி இதனால்தான் இருக்கும்.

குரூப் சி-யில் பார்சிலோனா, ஸ்போர்ட்டிங் லிஸ்பன், பாசல். ஷக்தாரின் ஆறு ஆட்டங்கள் இப்படி:

செப்டம்பர் 16, பாசலில் 2–1 வெற்றி.
அக்டோபர் 1, டொனெட்ஸ்கில் பார்சிலோனாவிடம் 1–2 தோல்வி.
அக்டோபர் 22, டொனெட்ஸ்கில் ஸ்போர்ட்டிங்கிடம் 0–1 தோல்வி.
நவம்பர் 4, லிஸ்பனில் மறுபடி 0–1 தோல்வி.
நவம்பர் 26, டொனெட்ஸ்கில் பாசலை 5–0 வெற்றி.
டிசம்பர் 9, பார்சிலோனாவில் 3–2 வெற்றி.

9 புள்ளி, 11 கோல் அடித்து 7 வாங்கினார்கள். இறுதி வரிசை: பார்சிலோனா 13, ஸ்போர்ட்டிங் 12, ஷக்தார் 9, பாசல் 1.

நான்கு ஆட்டம் முடிந்த நிலையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். பார்சிலோனா 10, ஸ்போர்ட்டிங் 9, ஷக்தார் 3, பாசல் 1. மீதி இரண்டையும் ஜெயித்தாலும் ஷக்தார் 9-ஐத் தாண்டாது. புள்ளி சமமானால் நேருக்கு நேர் ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே ஸ்போர்ட்டிங் இரண்டையும் வென்றிருக்கிறது. ஆக, நவம்பர் 4 இரவே அடுத்த சுற்றுக்கான கதவு சாத்தியாகிவிட்டது. எஞ்சியது மூன்றாம் இடம். அதற்குப் போட்டி பாசல் மட்டும், அடுத்த ஆட்டமும் பாசலுடன்.

நவம்பர் 26-ல் தோற்றிருந்தால் பாசல் 4, ஷக்தார் 3. டிரா என்றால் 4–2, கடைசி நாள் வரை இழுபறி. ஜெயித்ததால் 6–1, ஆட்டம் முடிந்தது. ஜாட்சன் ஹாட்ரிக் அடித்தது அன்றைக்குத்தான். என் கணக்கில் இஸ்தான்புல் இறுதி ஆட்டத்துக்கு அடுத்தபடி அந்த சீசனின் முக்கியமான 90 நிமிடம் இதுதான்; ஆனால் தொகுப்புகளில் ஒற்றை வரியில் கடந்துபோவார்கள்.

டிசம்பர் 9 ஆட்டம் பட்டியலில் எதையும் மாற்றவில்லை. பார்சிலோனா முதலிடத்தை உறுதிசெய்துவிட்டு மாற்று வீரர்களை இறக்கியிருந்தது. கிலாட்கி இரண்டு, பெர்னாண்டினோ ஒன்று. அந்தப் பக்கம் சில்வின்யோவும் புஸ்கெட்ஸும். அந்த சீசனில் மூன்று பெரிய கோப்பைகளையும் வென்ற பார்சிலோனாவை அதன் மைதானத்திலேயே வீழ்த்தியது என்பதால் தலைப்புக்கு ஏற்ற ஆட்டம். அவ்வளவுதான்.

ஒரு கிளைக்கதை. அக்டோபர் 1 ஆட்டத்தில் இல்சின்யோவின் கோலால் 87-வது நிமிடம் வரை ஷக்தார்தான் முன்னிலை. மாற்று வீரராக வந்த மெஸ்ஸி 87-லும் கூடுதலாகச் சேர்த்த நேரத்திலும் அடித்து ஆட்டத்தைப் பறித்தார். அன்று தாக்குப்பிடித்திருந்தால் ஐந்து ஆட்டம் முடிவில் பார்சிலோனா 10, ஸ்போர்ட்டிங் 9, ஷக்தார் 9 என்று நின்றிருக்கும். ஒருவேளை சாம்பியன்ஸ் லீகிலேயே தொடர்ந்திருப்பார்கள். யூயெஃபா கோப்பை வேறு யாருக்கோ போயிருக்கும்.


கோல்வித்தியாசம்:

களைப்பு என்பது சோம்பேறி விளக்கம். ஐரோப்பிய ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள்.

ஷக்தார்: தகுதிச் சுற்று 2, குரூப் 6, யூயெஃபா கோப்பை 9. மொத்தம் 17.

டைனமோ கீவ்: இரண்டாம் தகுதிச் சுற்றில் அயர்லாந்தின் டிரோஹெடாவுடன் 2, மூன்றாம் சுற்றில் ஸ்பார்டக் மாஸ்கோவுடன் 2, குரூப் 6, பிறகு வலென்சியா, மெட்டலிஸ்ட், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், ஷக்தார் என்று 8. மொத்தம் 18.

லீகை 15 புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி ஷக்தாரைவிட ஒரு ஐரோப்பிய ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கிறது. ஜூலைக் கடைசியிலேயே தொடங்கி மே வரை போனவர்கள் அவர்கள். கால் வலி என்றால் இரண்டு பேருக்கும்தான் வலித்திருக்கும்.

லீக் பட்டியல் என்ன சொல்கிறது? 16 அணிகள், 30 ஆட்டம். டைனமோ 26 வெற்றி, 1 டிரா, 3 தோல்வி, கோல் 71–19. ஷக்தார் 19 வெற்றி, 7 டிரா, 4 தோல்வி, கோல் 47–16. மூன்றாவது கார்கிவ் நகரின் மெட்டலிஸ்ட், 60 புள்ளி.

தோல்வியில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். வாங்கிய கோலில் ஷக்தார்தான் மேல், மூன்று குறைவு. விரிசல் இரண்டு இடத்தில்: ஏழு டிரா, 24 கோல் குறைவு. ஒவ்வொரு டிராவும் ஜெயித்திருக்கவேண்டிய ஆட்டத்தில் 2 புள்ளி இழப்பு. ஏழு டிராவுக்கு 14. டைனமோவுக்கு சீசன் முழுக்க ஒரே டிரா. 15 புள்ளி எங்கே போனது என்று இதற்குமேல் தேட வேண்டாம்.

ஏன் டிரா? ஷக்தாரின் தாக்குதல் வேகமாகத் திரும்பிப் பாய்வதை நம்பியது. எதிரணி ஏறி வந்து ஆடினால் ஜாட்சனுக்கும் வில்லியனுக்கும் பின்னால் திறந்த வெளி கிடைக்கும். டாட்டன்ஹாம், மார்செய், வெர்டர் எல்லாம் ஆட வந்த அணிகள். உக்ரேன் லீகில் கீழ்ப்பாதி அணிகள் பெனால்டி எல்லைக்குள் ஒன்பது பேரை நிறுத்திவிடும். அங்கே ஒற்றை ஸ்ட்ரைக்கரை வைத்து 4-2-3-1 ஆடினால் பந்து காலில் நிறைய இருக்கும், கோல் வராது. இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம். ஆனால் 47–16 என்ற எண்ணுக்குப் பொருந்துகிற விளக்கம் இது. களைப்பு என்ற விளக்கம் பொருந்தவில்லை. களைத்த அணி முதலில் கோல் வாங்கும்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் லீகின் பெயரைக் கவனியுங்கள். 2008–09தான் உக்ரேனிய பிரீமியர் லீக் தனி அமைப்பாக நடத்திய முதல் சீசன். அதற்கு முந்தைய சீசன்களை அதே பெயரில் எழுதினால் யாராவது வந்து திருத்துவார்கள்.


கீவ்கேலரி:

கோல்வித்தியாசம் சொன்னதில் ஒரு சேர்க்கை. எண்ணிக்கை சரி, ஆனால் ஆட்டங்கள் எப்போது வந்தன என்பதையும் பாருங்க.

உக்ரேனில் குளிர்கால இடைவேளை நீளம். ஷக்தாருக்கு பார்சிலோனா ஆட்டம் டிசம்பர் 9. அடுத்த அதிகாரப்பூர்வ ஆட்டம் பிப்ரவரி 19, டாட்டன்ஹாம். நடுவில் 72 நாள். அந்த இடைவெளியில் ஸ்ட்ரைக்கர் பிரான்டாவ் மார்செய்க்குப் போய்விட்டார். லீக் இன்னும் திறக்கவே இல்லை, நேராக நாக்-அவுட். பயிற்சி முகாமும் நட்பு ஆட்டமும் உடம்பைத் தயார்படுத்தும், ஆட்ட வேகத்தைத் தராது. டாட்டன்ஹாம் முதல் லெக்கில் இரண்டு கோலும் எப்போ வந்தது பாருங்க: செலெஸ்னியோவ் 79, ஜாட்சன் 88. கடைசியில்தான் எஞ்சின் சூடானது.

அந்த முதல் லெக் டொனெட்ஸ்கில் நடந்ததும் தற்செயல் இல்லை. சாம்பியன்ஸ் லீகிலிருந்து இறங்கிய அணி, யூயெஃபா கோப்பை குரூப்பில் இரண்டாவதாக வந்த அணியோடு மோதும். இரண்டாவது லெக் அந்த இரண்டாமிடத்து அணியின் ஊரில். டாட்டன்ஹாம் அதன் குரூப்பில் உடினேசிக்கு அடுத்து இரண்டாவது. அதனால்தான் லண்டனில் முடிவு. அங்கே 1–1, டோஸ் சான்டோஸ் அடித்ததுக்கு பெர்னாண்டினோ 86-ல் பதில். மார்ச் 1-ல் லீக் கோப்பை இறுதி இருந்ததால் டாட்டன்ஹாம் பல முக்கிய வீரர்களை உட்கார வைத்தது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்க, இல்லாவிட்டால் அந்த முடிவுக்குத் தேவைக்கு மேல் பெருமை சேர்ந்துவிடும்.

டைனமோ ரசிகன் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம்: அந்த வருடம் யூயெஃபா கோப்பையின் கடைசி 16-ல் மூன்று உக்ரேனிய அணிகள். மெட்டலிஸ்ட்டை வெளியேற்றியது நாங்கள்தான், அதுவும் நூலிழையில்: கீவில் 1–0, கார்கிவில் 2–3. கூட்டினால் 3–3, வெளியூரில் அடித்த இரண்டு கோல் காப்பாற்றியது. ஒரே நாட்டு அணிகள் மோதக்கூடாது என்ற தடை அந்தக் கட்டத்தில் கிடையாது, அதனால் அரையிறுதியிலும் அதே கதை.


வலதுவிளிம்பு:

நன்றி எல்லோருக்கும். நவம்பர் 26 பற்றிய கணக்கு தெளிவாகிவிட்டது. லீக் பகுதியில் களைப்பு வரியை எடுத்துவிடுகிறேன். அரையிறுதியும் இறுதியும்தான் பாக்கி. மைதானப் பெயரிலும் ஒரு சந்தேகம்: சில அட்டவணைகளில் இந்த சீசனின் சொந்த ஊர் ஆட்டங்களுக்கு டொன்பாஸ் அரினா என்று போட்டிருக்கிறது.


நடுவட்டம்:

டொன்பாஸ் அரினா இல்லை. அது திறந்தது 2009 ஆகஸ்ட் 29-ல். 2008–09 முழுக்க டொனெட்ஸ்கின் ஒலிம்பிஸ்கி ஸ்டேடியம்தான். கீவிலும் ஒலிம்பிஸ்கி என்று ஒன்று இருக்கிறது, ஊர்ப் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். டைனமோவுடன் முதல் லெக் நடந்தது அங்கேயும் இல்லை. லோபனோவ்ஸ்கி பெயரிலுள்ள டைனமோ ஸ்டேடியத்தில்.

நாக்-அவுட் பாதை முழுசும் இதோ. ஷக்தார் கோலை முதலில் எழுதுகிறேன்.

டாட்டன்ஹாம்: சொந்த ஊர் 2–0, வெளியூர் 1–1.
சிஎஸ்கேஏ மாஸ்கோ: வெளியூர் 0–1, சொந்த ஊர் 2–0.
மார்செய்: சொந்த ஊர் 2–0, வெளியூர் 2–1.
டைனமோ கீவ்: வெளியூர் 1–1, சொந்த ஊர் 2–1.
வெர்டர் பிரேமன், இறுதி, இஸ்தான்புல்: 2–1, கூடுதல் நேரத்தில்.

ஒன்பது ஆட்டம், 6 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. 14 கோல் அடித்து 6 வாங்கினார்கள். சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன்: கோல் அடித்தவர்களைக் கூட்டுங்கள். பெர்னாண்டினோ 4, ஜாட்சன் 4, லூயிஸ் அட்ரியானோ 3, செலெஸ்னியோவ், ஹூப்ஷ்மன், இல்சின்யோ தலா 1. பதினாலு வருகிறதா? வந்தால் உங்கள் அட்டவணை சரி. அதில் 12 பிரேசில்காரர்கள் அடித்தது. பெர்னாண்டினோவின் நாலும் இறுதிக்கு முந்தைய நாலு சுற்றிலும் சுற்றுக்கு ஒன்று.

இந்த நாலு மோதலில் அதிக ஆபத்தானது சிஎஸ்கேஏ. மாஸ்கோவில் வாகனர் லவ் பெனால்டியில் 0–1. வெளியூர் கோல் கையில் இல்லை. டொனெட்ஸ்கில் சிஎஸ்கேஏ ஒன்று அடித்துவிட்டால் ஷக்தாருக்கு மூன்று தேவை. பெர்னாண்டினோ பெனால்டி, பிறகு அட்ரியானோ, 2–0. ஒரு கோல்கூட வாங்காமல் முடித்ததுதான் அங்கே வெற்றி.

அரையிறுதிக்கு வருவோம். ஏப்ரல் 30, கீவ். ஷக்தாரின் சிக்ரின்ஸ்கி சொந்த வலைக்குள் அடித்து டைனமோ 1–0. இரண்டாம் பாதியில் பெர்னாண்டினோ சமன் செய்தார். ஷக்தார் கையில் ஒரு வெளியூர் கோல். மே 7 டொனெட்ஸ்க் ஆட்டத்தை நிலை நிலையாகப் பிரித்தால் குழப்பம் இருக்காது:

தொடக்கத்தில் 0–0. இப்படியே முடிந்தால் கூட்டு 1–1, வெளியூர் கோலால் ஷக்தார் போகும்.

17-வது நிமிடம் ஜாட்சன், 1–0. கூட்டு 2–1. இப்போது டைனமோ ஒன்று அடித்தால் போதாது, சமன் மட்டும்தான் ஆகும்.

47-ல் டைனமோவின் பாங்கூரா, 1–1. கூட்டு 2–2, வெளியூர் கோல் இரண்டு பேருக்கும் தலா ஒன்று. இந்த இடத்தில்தான் பலர் டைனமோ முன்னிலை என்று எழுதிவிடுகிறார்கள். யாருக்கும் முன்னிலை இல்லை, அப்படியே முடிந்தால் கூடுதல் நேரம். ஆனால் டைனமோ இன்னொன்று அடித்தால் ஷக்தாருக்கு இரண்டு வேண்டும். அந்த நாற்பது நிமிட இறுக்கத்துக்குக் காரணம் அதுதான்.

89-ல் இல்சின்யோ, 2–1. கூட்டு 3–2, முடிந்தது.

இறுதி ஆட்டம் மே 20, ஃபெனெர்பாசே அணியின் சுக்ரு சராகோக்லு ஸ்டேடியம். ஷக்தார் பயிற்சியாளர் லுசெஸ்கு இறக்கிய பதினொருவர்: பியாடோவ், ஸ்ர்னா, குச்சர், சிக்ரின்ஸ்கி, ராட்ஸ், லெவாண்டோவ்ஸ்கி, பெர்னாண்டினோ, இல்சின்யோ, ஜாட்சன், வில்லியன், லூயிஸ் அட்ரியானோ. மூன்று உக்ரேனியர், ஐந்து பிரேசில்காரர், ஒரு குரோவேசியர், ஒரு ருமேனியர், ஒரு போலந்துக்காரர். லெவாண்டோவ்ஸ்கி என்றால் மரியுஸ், ராபர்ட் இல்லை. இந்தப் பிழையையும் பார்த்திருக்கிறேன்.

25-ல் அட்ரியானோ, முன்னேறி வந்த வெர்டர் கோல்கீப்பர் வீசேயின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டார். 35-ல் வெர்டரின் நால்டோ அடித்த ஃப்ரீகிக் பியாடோவின் கையில் பட்டு உள்ளே போனது. 97-ல் வலப்பக்கத்திலிருந்து ஸ்ர்னா கொடுத்ததை ஜாட்சன் அடித்தார்; அது வீசேயின் கையில் பட்டு உள்ளே போனது. இரண்டு கோல்கீப்பருக்கும் ஆளுக்கொன்று, கணக்கு நேர். ஆட்ட நாயகன் கேப்டன் ஸ்ர்னா. மஞ்சள் அட்டைகளால் டியேகோ ஆட முடியாமல் போனது வெர்டருக்குப் பெரிய இழப்பு. ஓசில் மட்டும்தான் நடுவில் படைக்கக்கூடிய ஆள்.

அந்த வெர்டரும் சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் மூன்றாவதாக வந்து இறங்கியதுதான். டைனமோவும் அப்படியே. அரையிறுதி நாலு அணியில் மூன்று மேலேயிருந்து இறங்கியவை, ஹாம்பர்க் மட்டும்தான் முதலிலிருந்தே யூயெஃபா கோப்பையில் ஆடியது.


கோல்வித்தியாசம்:

நடுவட்டம் பட்டியலோடு உள்ளூர்க் கோப்பையையும் சேர்த்துவிடுங்கள், எல்லோரும் மறக்கிற பகுதி. இஸ்தான்புல்லுக்குப் பதினொரு நாள் கழித்து, மே 31, டினிப்ரோ நகரத்து அரினாவில் உக்ரேனியக் கோப்பை இறுதி. போல்டாவா நகரின் வோர்ஸ்க்லா 1–0. அடித்தவர் சாச்கோ, இரண்டாம் பாதித் தொடக்கத்தில். நான் மேலே சொன்ன அதே நோய்: பின்னால் இறுக்கமாக நிற்கிற அணி, ஒரு வாய்ப்பு, முடிந்தது. ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அதே மாதத்தில் உள்ளூர் இறுதியில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. வெர்டர் அதற்கு முந்தைய நாள்தான் லெவர்குசனை 1–0 என்று வென்று ஜெர்மன் கோப்பையைத் தூக்கியிருந்தது.

ஆக சீசன் முடிவில் ஷக்தாரிடம் இரண்டு கோப்பை: ஜூலை 2008-ல் டைனமோவை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்ற உக்ரேனிய சூப்பர் கோப்பை, பிறகு யூயெஃபா கோப்பை. லீகிலும் உள்ளூர்க் கோப்பையிலும் இரண்டாமிடம்.


மூன்றாம்சுற்று:

நாலாவது கேள்வி மட்டும் மிச்சம்.

யூயெஃபா கோப்பையை வென்றவருக்கு அப்போது சாம்பியன்ஸ் லீக் இடம் கிடையாது. அந்தச் சலுகை 2014–15 யூரோப்பா லீக் (யூயெஃபா கோப்பையின் புதிய பெயர்) வெற்றியாளரிலிருந்துதான் தொடங்கியது. அந்த முதல் சலுகையைப் பெற்றது செவில்லா. வார்சா இறுதியில் அவர்களிடம் 2–3 என்று தோற்றது இன்னொரு உக்ரேனிய அணி, டினிப்ரோ. அன்று ஜெயித்திருந்தால் லீகில் மூன்றாவதாக முடித்த டினிப்ரோ நேராக சாம்பியன்ஸ் லீகில் இருந்திருக்கும்.

2009-ல் ஷக்தாரின் வழி லீக் இரண்டாமிடம் மட்டுமே. சாம்பியன் டைனமோ நேரடியாக குரூப்புக்குப் போனது. அதே வருடம்தான் தகுதிச் சுற்றை இரண்டு பாதையாகப் பிரித்தார்கள்: சாம்பியன்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. ஷக்தார் இரண்டாவது பாதையில், மூன்றாம் தகுதிச் சுற்றில் ருமேனியாவின் திமிஷோவாராவைச் சந்தித்தது. டொனெட்ஸ்கில் 2–2, அங்கே 0–0. ஒரு ஆட்டமும் தோற்காமல் வெளியூர் கோலில் வெளியேறினார்கள். 15 புள்ளி பின்தங்கியதற்கான விலை இங்கேதான் கட்டப்பட்டது.

பிறகு யூரோப்பா லீக் பிளே-ஆஃபில் சிவாஸ்போரை வென்று குரூப்புக்குப் போய், அடுத்த நாக்-அவுட்டில் ஃபுல்ஹமிடம் 1–2, 1–1 என்று முடிந்தது. லீகை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

தொகுப்புக்கு ஒரு எல்லைக்கோடு. 2009 ஆகஸ்ட் 28-ல் மொனாக்கோவில் நடந்த யூயெஃபா சூப்பர் கோப்பையை இந்த சீசனில் சேர்க்காதீர்கள். அது 2009–10 கணக்கு. அங்கே பார்சிலோனாவை 90 நிமிடம் 0–0 என்று நிறுத்தி, 115-வது நிமிடத்தில் பெட்ரோவின் கோலில் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் ஷக்தாருக்கு ஆடிய சிக்ரின்ஸ்கியை அதே கோடையில் 2.5 கோடி யூரோ கொடுத்து பார்சிலோனா வாங்கியது. விற்பனையும் 2009–10 பக்கத்தில்தான் வரவேண்டும்.


கீவ்கேலரி:

கடைசியாக ஒன்று, தலைப்பு வரிக்கு. ‘ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் உக்ரேனிய அணி’ என்று எழுதாதீங்க. 1975-லும் 1986-லும் கோப்பை வெற்றியாளர் கோப்பையை டைனமோ கீவ் வாங்கியிருக்கிறது, 1975-ல் சூப்பர் கோப்பையும். அப்போது சோவியத் லீக். ‘சுதந்திர உக்ரேனின் முதல் அணி’ என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டோம்.